மிளகு நம்முடையதுதான்

யட்டியாந்தோட்டை,
23.07.2000

என் அன்பு மகள் சுகந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் அம்மன் துணையால் நலம், நீயும் குவைத்து வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, மறுபடி ரப்பர் பால் வெட்டப் போகிறார். தம்பி தனுஷன் படிக்கிறான், படித்துக்கொண்டே தூங்கவும் செய்கிறான். கடிதம் தாமதம் என்று கோபிக்காதே. இங்கே ஒரு சண்டை நடந்தது, அதில் நாம் ஜெயித்துவிட்டோம், ஜெயித்த பிறகுதான் உனக்கு எழுதுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர்க் கானோரம் நிற்கும் முள்முருங்கை மரங்களில் நம் லயத்துப் பெண்கள் மிளகுக் கொடி ஏற்றிவிட்டது உனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நம் அடுப்புக்குப் போக மிச்சத்தைக் கடையில் கொடுத்துச் சீனி வாங்குவோம், அவ்வளவுதான். இந்த வருஷம் இந்தியாவோடு நம் நாடு செய்த வியாபார ஒப்பந்தம் நடப்புக்கு வந்துவிட்டது, நம் மிளகு அங்கே போய் இறங்கினால் சுங்கத் தீர்வை இல்லையாம். பஜாரில் மிளகு வாங்கும் சாலி முதலாளிதான் எனக்கு விளக்கினார், முன்பு தீர்வையாகப் போனதில் ஒரு பங்கு இனி நட்டவர்கள் கைக்கு வரும் அக்கா என்றார். வந்தது மகளே. விலை ஏறிய ஏற்றத்தில் நம் வீட்டு ரசத்துக்கு மிளகு தட்டிப் போடவே எனக்குக் கை வரவில்லை, இது ரசமா வெந்நீரா என்று அப்பா கேட்கிறார்.

ஆனால் விலை ஏறியதும் தோட்டத்துக்கும் கண் திறந்துவிட்டது. ரப்பர் விலை விழுந்து கிடக்கிறதல்லவா. ஒரு நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டில் எல்லார் முன்னிலையிலும் தோட்டத்து மேனேஜர் துரை சொன்னார், மரம் தோட்டத்தினுடையது, அதில் ஏறியிருப்பதும் தோட்டத்தினுடையது, இந்த முறை மிளகைக் கேகாலை ஆள் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று, யாரும் மிளகுச் சரத்தில் கை வைக்கக்கூடாது என்று. தொழிற்சங்கத் தலைவரிடம் ஓடினோம், சங்கமும் தோட்டமும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் மிளகு என்ற பேச்சே இல்லை என்று அவர் கையை விரித்தார். அட்டைக்கடியோடு மழையில் நின்று தண்டு ஊன்றியது நாங்கள். பக்கத்துக் காம்பிரா வீட்டு ஷாமிளாவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டேன். துரை கெட்டவர் இல்லை, இளம் வயது, மேலிடத்து உத்தரவு என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன், "மரம் ஒங்களுதுதாங்க, இல்லேங்கல. கொடிய நட்டது யாருன்னு ஒங்க கணக்கப்பிள்ளையையே கேளுங்க." கணக்கப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் திரும்பி வந்தோம்.

மறுநாள் குத்தகைக்காரர் கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நாங்கள் யாரும் பிரட்டுக்குப் போகவில்லை, அவரவர் கொடியின் முன்னால் போய் நின்றோம். வந்தவர்களில் மூத்தவள் பொடிமெனிக்கே, சந்தையில் பார்த்துச் சிரித்த பழக்கம் உண்டு. அவளிடம் சிங்களத்தில் சொன்னேன், "நங்கி, மே வெல் அபி ஹிட்டவபு ஏவா." தங்கச்சி, இந்தக் கொடி நாங்க நட்டது என்று. அவள் வீட்டிலும் மிளகுக் கொடி உண்டு. கொடியின் அடியில் நாங்கள் போட்டிருந்த சாணத்தையும் சாம்பலையும் குனிந்து பார்த்தாள். பிறகு சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு குத்தகைக்காரரிடம், "எஹெனங் அபி கடன்னே நே" என்றாள். அப்படியென்றால் நாங்கள் பறிக்கமாட்டோம் என்று. அந்த மனுஷன் போட்ட சத்தத்துக்கு ஒருத்தியும் அசையவில்லை. லொறி வெறுமையாகத் திரும்பியது.

அதோடு முடியவில்லை. அன்றைக்கு எங்கள் பேரை வெட்டி ஒரு நாள் கூலியை நிறுத்திவிட்டார்கள். நாங்களும் பறிக்கவில்லை, அவர்களும் பறிக்க முடியவில்லை, மணிகள் சிவந்து சிவந்து குருவிக்குத் தீனியாயின. பாதியாவது கேட்டு வாங்கியிருக்கலாமே என்று லயத்தில் சிலர் என்னைத் திட்டினார்கள், அப்பாவுக்கும் உள்ளுக்குள் அதே பயம். எனக்கு மட்டும் பயமில்லையா. ஆனால் சரக்குத் தருவதாகக் கொழும்பில் வாக்குக் கொடுத்திருந்த குத்தகைக்காரருக்கு எங்களைவிட அவசரம், கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தா என்று அவர் ஆபீசில் போய் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்து, பறித்துக்கொள்ளுங்கள், தோட்டம் குறுக்கே வராது என்றார். அப்படி வாசலில் சொன்னால் போதாது, பறிக்காதே என்று பிரட்டில் சொன்னவர் பறி என்றும் பிரட்டிலேயே சொல்லட்டும் என்றேன். சொன்னார் மகளே. துரை வாயாலேயே, கொடி நட்டவர்களுக்கு என்று சொன்னார். ஷாமிளா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

அன்று பின்னேரமே லயம் முழுக்க ஏணி. பொடிமெனிக்கேயையும் அவள் ஆட்களையும் கூப்பிட்டுக் கூலி கொடுத்து உதவிக்கு வைத்தோம். வாசலெல்லாம் சாக்கு விரித்து மிளகு கறுத்துக் காய்ந்த வாசனை இன்னும் என் புடவையில் இருக்கிறது. அந்தக் குத்தகைக்காரரே வந்து அக்கா அக்கா என்று விலை கேட்டார், தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டுச் சாலி முதலாளிக்கே விற்றேன்.

எல்லாருக்கும் இப்படி இல்லை. பஜாரில் தகர வாளி செய்யும் கந்தையா அண்ணனின் பட்டறை ஓய்ந்துவிட்டது, இந்தியச் சாமான் மலிவாக வந்து குவிகிறது. நானும் அந்த மலிவு வாளிதான் வாங்கினேன். உங்களுக்குத் திறந்த கதவு என் தலையில இடிச்சிருச்சு தங்கச்சி என்றார். திறந்த கதவை நாளைக்கு யாரும் சாத்தலாம், அதனால் வந்த காசை ஆடம்பரத்தில் விடாமல் வங்கியில் போட்டுவிட்டு இன்னும் கொடி ஊன்றியிருக்கிறோம்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி நீ வேலை செய்யும் வீட்டு மேடம் கேட்பதாக எழுதியிருந்தாய். போடாதே. தம்பியின் படிப்பை இனி நாங்கள் பார்த்துக்கொள்வோம், அதற்காக நீ ஊரான் வீட்டுப் பாத்திரம் கழுவியது போதும். முருகன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், வழித்துணையாக வரட்டும். வேளைக்குச் சாப்பிடு. மேடத்திடம் இருக்கும் உன் பாஸ்போர்ட்டை இன்றைக்கே கேட்டு வாங்கி உன் பெட்டியில் வை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா வெள்ளையம்மா, அப்பா நல்லையா