அமெனானின் இன்னொரு கணவர்

சகாசூ
18 நவம்பர் 1974

அன்புள்ள லூக்கூ அவர்களுக்கு,

அமெனான் எழுதிக்கொள்வது. சொல்லாமல் கிளம்பி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று கோபமாக இருப்பீர்கள். எனக்கும் கோபம்தான்.

திருடன் வந்தான் என்றீர்கள். அவன் உங்கள் தையல் மெஷினைத் தொடவில்லை, ரேடியோவைத் தொடவில்லை. படுக்கையறை மூலையில் நின்ற ஒரு முழ உயர மர உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனானா? புவாக்கே நகரத்தில் அப்படியும் ஒரு திருடன் இருக்கிறானா?

நான் பிறப்பதற்கு முன் மறு உலகத்தில் விட்டுவந்த கணவர் அவர். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தபோது குறி சொல்லும் அஹூ அம்மாள் என்ன சொன்னாள்? "நீ மறந்துட்டேன்னு அங்க ஒருத்தர் மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிறார்டி. அவருக்கு ஒரு உருவம் செஞ்சு பக்கத்துல வெச்சுக்க." கனவில் கண்டபடி செதுக்கச் சொல்லி வைத்தோம். பிறகுதான் இந்தப் பிள்ளை தங்கியது. இப்போது ஐந்தாம் மாதம்.

முந்தாநாளிலிருந்து அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கோழிகளுக்குத் தண்ணீர் வையுங்கள்.

அமெனான்


புவாக்கே
24 நவம்பர் 1974

என் அன்பு அமெனானுக்கு,

திருடன் வரவில்லை. நான்தான் கொடுத்தேன்.

பழைய சாமான் வாங்க ஒரு வியாபாரி தெருவில் வந்தார். நீ சந்தைக்குப் போயிருந்தாய். கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டேன். காசு நீட்டினார், வேண்டாம் என்றேன். நோட்டைப் பார்த்தால் நான் செய்தது எனக்கே தெரிந்துவிடும் என்று பயம்.

எதற்கு என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை இரவு அவருக்கு உரியது என்று நீ அந்த அறையில் தனியாகப் படுப்பாய், நான் துணி மூட்டைகளுக்கு நடுவில் படுப்பேன். முதல் கவளம் அவருக்கு, எனக்கு அடுத்தது. கடையில் பட்டன் தைக்கும் பையன் விடுவானா? "என்னண்ணே, இன்னிக்கு வெள்ளியாச்சே. மூத்தவர் உள்ளயும் எளையவர் வெளியவுமா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒருநாள் நீ அவர் முகத்தை எண்ணெய் தொட்டுத் துடைப்பதைக் கதவருகில் நின்று பார்த்தேன். அப்படி என் முகத்தை நீ தொட்டதில்லை என்று தோன்றியது.

மரத்தின் மேல் பொறாமைப்பட்டேன். வேறென்ன எழுத? வலி எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது.

லூக்கூ


சகாசூ
1 டிசம்பர் 1974

லூக்கூ அவர்களுக்கு,

பொறாமை என்ற இடத்தைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கிறது. நேற்றுக் கொஞ்சம் உதிரமும் பட்டது. மருத்துவச்சி எழுந்திருக்கவே கூடாது என்று படுக்க வைத்திருக்கிறாள்.

அஹூ அம்மாள் வந்து பார்த்தாள். "கோவத்துல போனவரில்லடி, வெரட்டி விட்டவங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றாள். வேறு யாரும் போகக்கூடாதாம்.

தேடுங்கள். அவரில்லாமல் இந்த வாசலுக்கு வராதீர்கள்.

அமெனான்


அபிஜான்
14 டிசம்பர் 1974

என் அமெனானுக்கு,

கிடைத்துவிட்டார். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வியாபாரியின் ஊரை விசாரித்துப் போனேன். அவர் அபிஜானுக்குக் கைமாற்றியிருந்தார். இங்கே கடலோரத் தெருவில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆறாவது கடை இத்ரிசு என்பவருடையது. அலமாரித் தட்டு நிறைய நம்மவர்களின் உருவங்கள், யார் வீட்டிலிருந்து வந்தவர்களோ.

"யாரத் தேடற?" என்றார்.

"எம் பொண்டாட்டியோட புருசன."

முதலில் எழுந்து நின்றார். நான் விவரம் சொன்னதும் உட்கார்ந்து சிரித்தார். "முப்பது பேரு நிக்கிறாங்க. உன் ஆளு யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

உடுத்தியிருந்த துணியை உருவி எறிந்து, பளபளப்பாக மெருகு வேறு பூசியிருந்தார்கள். ஆனாலும் வாசலிலிருந்தே அடையாளம் தெரிந்தது, அமெனான். பின்னல் ஏழு. கழுத்துத் தழும்பு மூன்று வரிசை. இடது காது சற்றுத் தாழ்வு. நான் அவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இத்ரிசு சொன்ன விலைக்கு நம்மால் முடியாது. பக்ரீத் நெருங்குகிறது, அவர் வீட்டில் ஒன்பது பேர். நான்கு நாள் அவர் கடையிலேயே உட்கார்ந்து ஒன்பது அங்கி தைத்துக் கொடுத்தேன். உருவத்தை என் கையில் கொடுக்கும்போது சொன்னார்: "இத்தன வருசமா கடை வெச்சிருக்கேன். வாங்க வந்தவன் உண்டு, திருட வந்தவனும் உண்டு. தேடிட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்யா."

உன்னவர் இப்போது என் மடியில் இருக்கிறார். அடுத்த பஸ் ஏறுகிறேன்.

லூக்கூ


சகாசூ
22 டிசம்பர் 1974

என் அன்பான லூக்கூவுக்கு,

வந்தவர் உள்ளே வரலாமே. கிணற்றடியில் அம்மாவிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போனீர்களாம். "ஒம் புருசன் மொகமே சரியில்ல, சோறு போட்டிருப்பேன்" என்று அம்மா இன்னும் புலம்புகிறாள்.

உதிரம் நின்று ஐந்து நாளாகிறது. வலியும் போய்விட்டது. மருத்துவச்சி வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, "நல்லா ஓடுது, நீ எழுந்து நடக்கலாம்" என்றாள். நேற்று நானே கிழங்கு இடித்தேன். இடிக்கும்போது பிள்ளை உள்ளிருந்து உதைத்தது. உலக்கையைக் கீழே போட்டுவிட்டேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது அவர் இடுப்புத் துணி. புதியது. நீலத்தில் வெள்ளைக் கோடு. பஸ்ஸில் ஆடிக்கொண்டே தைத்தீர்களா? ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன், இரட்டைத் தையல். யாரும் புரட்டிப் பார்க்காத இடத்தில்கூட ஒரு நூல் விலகவில்லை. அதைப் பார்த்து அழுதேன். நல்ல அழுகைதான்.

உங்கள் முகத்தை நான் அப்படித் தொட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் தொடுவதற்கு? எப்போதும் மெஷினுக்கு மேல் குனிந்த தலைதான். வீட்டுக்கு வந்ததும் அதையும் பார்த்துக்கொள்வோம்.

சனிக்கிழமை வந்து என்னையும் அவரையும் அழைத்துப் போங்கள். இந்த முறை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அம்மா கோழி அடிக்கிறாள். அளவு நாடாவை மறக்காமல் கொண்டு வாருங்கள். என் சட்டைகளில் ஒன்றுகூட வயிற்றைச் சுற்றி வரவில்லை.

உங்கள் அமெனான்