பதினாறு அப்பா நீளம்

அன்புள்ள பூங்குழலிக்கு,

எத்தியோப்பியாவில் நான் சுகமாகவே இருக்கிறேன். உன் இடுப்பு வலி குறைந்ததா?

நேற்று போனில் நம் நித்யஸ்ரீ, "திமிங்கிலம் இருபத்தேழு மீட்டராம்பா. அது எத்தினி அப்பா நீளம்னு மிஸ் அளக்கச் சொன்னாங்க. மாமாதான் தெருவுல மாத்தி மாத்தி படுத்துக்கினாரு. பதினேழு வந்திச்சி!" என்று குதித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் ஷூ பேக்டரியில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

அப்பா அளவு கேட்டால் உன் தம்பி ஏன் படுக்கவேண்டும்? அவன் என்னைவிடக் குள்ளம். நான் படுத்திருந்தால் பதினாறுதான்.

லீவில் வாணியம்பாடிக்கு வரும் இம்தியாஸ் பாயிடம் ஷூ தைக்கும் நூல் கொடுத்திருக்கிறேன். தரையில் படுத்து, தலையிலிருந்து கால்வரை என் அளவுக்கு வெட்டியது. பாப்பாவை மறுபடி அளக்கச் சொல். அவர் திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு.

டூட்டி வண்டி வந்துவிட்டது. நூலின் மறுமுனையை நீயே பிடி, உன் தம்பி வேண்டாம்.

பரந்தாமன்