கதவில் ஒட்டிய சீட்டு

அன்புள்ள இல்லாளுக்கு,

நீயும் மகளும் நலமா? எனக்கு முதுகில் லேசான பிடிப்பு, பயப்படாதே.

நான் வேலை பார்க்கும் மாணவர் விடுதியில், ஒரு கதவில் “நாளை பரீட்சை” என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதற்காக அந்த மாடியே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது! “சார், ஏணிய இழுக்காதீங்க, தூக்கிட்டுப் போங்க” என்று பல்பு மாற்ற ஏணியோடு போன என்னிடமும் கிசுகிசுத்தார்கள். தூக்கினேன், இடறி விழுந்தேன், வாயைத் திறக்கவில்லை. படிப்புக்கு அப்படியொரு மரியாதையை நான் கண்டதில்லை.

என் பரீட்சைக்கு முதல் நாள், நான் தங்கிப் படித்த சித்தி வீட்டில் கேட்டது, “படிச்சுக் கிழிச்சது போதும், மாவரைச்சுட்டு வா.” அன்று கோட்டை விட்டவன் இன்று ஏணி தூக்குகிறேன். கல்லூரிப் படிப்புக்கு மகளை உன் அண்ணன் வீட்டில் விடாதே. கல்லூரி விடுதியில் சேர்த்துவிடு. அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

தைலம் அனுப்பு. என் கதவில் சீட்டு எதுவும் இல்லை. இருந்தும் நலம் கேட்க யாரும் தட்டுவதில்லை. கீழேயிருந்து வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், இத்துடன் முடிக்கிறேன்.