பச்சைப் பேனையால் வெட்டிய புள்ளிகள்

மறைக்கல்வி அறையின் அலுமாரியைத் திறந்தேன். ஈரம் பிடித்த தாளின் வாடை. உள்ளே, அக்கா, உங்கள் வகுப்பின் பழைய விடைத்தாள் கட்டு. உங்கள் சிவப்புப் புள்ளிகள். அவற்றின் குறுக்கே என் பச்சைக் கோடுகள்.

ஒவ்வொரு தவணையும் சோதனை. ஒன்பதாம் ஆண்டு உங்களுக்கு, பத்தாம் ஆண்டு எனக்கு. திருத்திய தாள்களை நாம் இருவரும் மாற்றிக்கொண்டு, பச்சைப் பேனையால் மீண்டும் பார்க்க வேண்டும். எந்த வகுப்பின் சராசரி கடைசியோ, அதற்கு ஆசிரியர் மாற்றம் என்று பங்குத்தந்தை முதலே சொல்லியிருந்தார்.

‘கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார்?’

என் வகுப்பில் எல்லோரும் ஒரே வசனம். நான் சொல்லிப் பாடமாக்க வைத்தது. உங்கள் வகுப்பில், தகப்பனைக் கடலில் இழந்த ஒருத்தி, ‘தெரியாது’ என்று எழுதியிருந்தாள். இன்னும் ஏழு பேர் அப்படியே. எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு புள்ளி போட்டிருந்தீர்கள்.

“என்னக்கா உது? தெரியாதெண்டாலும் புள்ளியோ? அப்ப பாதருக்கும் ஒண்டு போடுங்கோ.”

சிரித்தீர்கள். “போடலாம். ஆள் எழுதித் தரட்டும்.” பிறகு சிரிக்காமல் சொன்னீர்கள்: “உன்ரை பிள்ளையள் எழுதினது உன்ரை விடை. இதுகள் எழுதினது தங்கடை.”

நீங்கள் போன பிறகு கூட்டிப் பார்த்தேன். அந்த எட்டுப் புள்ளியையும் அப்படியே விட்டால் என் வகுப்புத்தான் கடைசி.

வெட்டினேன். விடைக்குறிப்பு என் பக்கம் இருந்தது.

அடுத்த ஞாயிறு உங்களிடமிருந்து வகுப்பை எடுத்தார்கள். பீடத்துக்குப் பூ வைக்கும் வேலை தந்தார்கள். பூசை முடிந்து, கோவில் வாசலில், குருநகர்ச் சனம் முழுக்க எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்.

“ஏன் பிள்ளை வெட்டினனீ?”

“தெரியாதக்கா.”

குடையை விரித்தீர்கள். “சரி. வெயில் ஏறுது, வீட்டை போ.”

மாரி முடிய முன் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்தேன். இரண்டு தரமும் நோயாளர் விடுதி வாசலோடு திரும்பினேன்.

இப்போது இரண்டு வகுப்பும் என்னிடம். இந்தத் தவணையும் அதே கேள்வி. எல்லாத் தாளிலும் என் வசனம். சராசரி ஏறியிருக்கிறது. பங்குத்தந்தைக்குத் திருப்தி. தகப்பனைக் கடலில் இழந்தவளும் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள். முழுப் புள்ளி போட்டேன்.

போட்ட பிறகுதான் இந்த அலுமாரியைத் திறந்தேன்.

எட்டுத் தாள்களில் நீங்கள் புள்ளி போட்ட அதே சொல்லைத்தான் நானும் வாசலில் சொன்னேன். அவர்களுக்கு உண்மையாகவே தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.