அகரத்திலிருந்து ஒரு குழாய் எச்சில்

அகரம்,
மாதா பிறந்தநாள்.

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு, வியாகுலம்மாள் எழுதிக்கொள்வது. நான் அஞ்சாம் வகுப்புத்தான், எழுத்து கோணலாக இருக்கும். தமிழ் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து வாசித்துக்கொள்.

இங்கே பிள்ளைகள் எல்லாம் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். ஆனந்த்ராஜ் கோயம்புத்தூரில் இன்ஜினியர். ஜெரோம் போலீஸ் பரீட்சையில் முதல் தடவையே பாஸ். வினோலியா நர்ஸ் படிப்பில் மெடல் வாங்கினாள், திண்டுக்கல்லில் படம் போட்டு பேனர் கட்டினார்கள். மூன்றும் என் மகள் ஆனந்தி பெற்றவை. உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

போன வருஷம் நீ ஹாலந்திலிருந்து எங்கள் கோயிலுக்கு வந்தாய். பூசை முடிந்ததும் உனக்காகப் பங்குச்சாமியார் பேசினார். சொந்தம் தேடி, எச்சிலைச் சோதித்துப் பூர்வீகம் சொல்லும் ஏதோ கம்பெனிக்கு அனுப்பினாயாம். உன் சிநேகிதிக்குப் பாட்டன் ஊர்வரை சொன்னவன், உனக்குத் தென்னிந்தியா என்று மட்டும் எழுதினானாம். நம் சனத்து எச்சில் அவனிடம் அம்புட்டுக் கொஞ்சமாம். இருபது குழாய் கொண்டுவந்து, துப்பிக் கொடுங்கள் என்று கும்பிட்டாய். ஏலே, துப்புனா பட்டா குடுப்பாகளா என்று கஸ்பார் சிரித்தான். சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிலர் நழுவினார்கள். நான் மட்டும் ஒன்றை வாங்கி மடியில் செருகினேன்.

உன் பிறந்த தேதியைச் சாமியார் வாசித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னே, பதினேழு வயதில், ஆனந்தி பெற்ற பிள்ளை நீ. இருபதாம் நாள் அவள் தூங்கும்போது உன்னைத் தூக்கிப்போய் சிஸ்டர்களிடம் தத்துக்குக் கொடுத்தவள் நான். அன்றைக்குக் கோயிலில் அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். நகம் பதிய என் கையைப் பிடித்தாள். எதிர்வரிசையில் அவள் புருஷன். சும்மா இரு என்றேன். இருந்தாள். நீ பஸ் ஏறிப் போய்விட்டாய்.

சித்திரையில் ஆனந்தி போய்ச் சேர்ந்தாள். சிறுநீரகம் கெட்டுவிட்டது. கடைசியாகக் கேட்டது, அம்மா, அந்தக் குழாய அனுப்பிட்டியா என்று. அனுப்பிட்டேன் அப்பு என்றேன். அது டிரங்குப் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது.

இன்றைக்குத்தான் துப்பினேன். வாய் வறண்டு, கோடுவரை நிரம்பச் செத்த நேரம் ஆனது. குழாய் டப்பாவில் இருந்த உன் விலாசத்துக்கே சேர்த்து அனுப்புகிறேன். உன் அம்மா எச்சில் இனிக் கிடைக்காது.

மருமகனிடம் நேற்று எல்லாம் சொன்னேன். ஆனந்தி படத்துக்குப் பக்கத்தில் அவரே ஓர் ஆணி அடித்தார்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு, தாயே.

உன் அம்மாச்சி,
வியாகுலம்மாள்