கோட்டை பாட்டிலில் ஏறிய எறும்பு

1935 ஜனவரி 5, சனி

புது டைரி. மில்லில் துரைக்கு இரண்டு கொடுத்தார்களாம், ஒன்று எனக்கு வந்தது. முதல் பக்கத்தில் பெயர் எழுதினேன்: நல்லகாமன், பட்லர், வில்மட் துரை பங்களா, விளாங்குடி. எழுதிப் பார்த்தால் எடுப்பாகத்தான் இருக்கிறது.

துரை மெட்ராஸ் போயிருக்கிறார். பன்னிரண்டாம் தேதி வருவார். பதினாறு அன்று அவருடைய சிநேகிதர் ஹார்ட்லி துரை அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்க வருகிறார், ராத்திரி இங்கே விருந்து. அதற்குத்தான் கோட்டையைத் திறக்கப் போகிறாராம்.

கோட்டை என்பது நான் வைத்த பெயர். லேபிளில் இருப்பது பிரெஞ்சு. இங்கிலீஷே எனக்கு இழுபறி, ஆகவே படத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறேன். கோட்டைப் படம், சிங்கப் படம், இரட்டைச் சாவி இப்படி. கோட்டை ஒன்றே ஒன்றுதான். 1899, துரை பிறந்த வருஷத்து ஒயின். அவர் பிறந்ததன் நினைவாக அவர் அப்பா வாங்கி வைத்தது. கப்பலேறி வந்து, கிணற்றடி அறையில் ஈர மணலில் படுத்துக் கிடக்கிறது.

ஹார்ட்லி துரை கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாலே ஊரும் வருஷமும் சொல்வாராம். பார்க்கத்தானே போகிறேன்.

எனக்கும் கொஞ்சம் தெரியும். மேஜையிலிருந்து திரும்பி வரும் கிளாஸின் அடியில் ஒரு மடக்கு மிஞ்சும். அதைக் கீழே கொட்டுவது பாவம். பதினொரு வருஷமாக அந்தப் பாவத்தை நான் செய்ததில்லை.

ஜனவரி 7, திங்கள்

ஐயோ.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கச் சமயநல்லூர் போனேன். திரும்பி வந்தால் கிணற்றடியில் இருபத்துநாலு பாட்டிலும் வெயிலில் மினுமினுக்கின்றன. பக்கத்தில் என் பெண்டாட்டி ஒச்சம்மாள், கையில் தேங்காய் நார்.

"என்னடி பண்ணித் தொலச்ச?"

"கழுவுனேன். அம்புட்டும் தூசி, ஒட்டடை. பொங்க வருதுல்ல? புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சிருக்கேன். எம்புட்டு பளபளப்பு பாருய்யா."

"லேபிளு எங்கடி?"

கையைக் காட்டினாள். பாயில் இருபத்துநாலு லேபிளும் அப்பளம் மாதிரி காய்ந்து கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை என்று பெருமை வேறு.

அந்தத் தூசிக்குத்தானே துரை வருஷக்கணக்காகக் காத்திருந்தார்! எனக்கு முன்னால் இருந்த மலைச்சாமி ஒரு கிளாஸ் உடைத்ததற்கே மூட்டை கட்டினான். வேலை போனால் இந்தக் குடியிருப்பும் போகும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன், கோபத்தோடுதான்.

ஜனவரி 8

குண்டு பாட்டில்கள் போர்ட் ஒயின், தெரிந்தது. பச்சைக் கண்ணாடியில் மஞ்சளாகத் தெரிவது வெள்ளை ஒயின். தோள் சரிந்தவை இரட்டைச் சாவி. பாட்டிலைச் சூரியனுக்கு எதிரே பிடித்து நிறம் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. பதினாறு முடிந்தது. கஞ்சிப் பசை காய்ச்சி ஒட்டினேன்.

ஜனவரி 9

இருபத்திரண்டு. பாக்கி இரண்டு.

ஜனவரி 10, வியாழன்

பாக்கி இரண்டில் ஒன்று கோட்டை 1899. மற்றது சிங்கம் 1911. ஒரே உயரம், ஒரே தோள், ஒரே கறுப்பு. என் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் மூடிய பாட்டிலில் நாக்கு என்ன செய்யும்?

இடது கையில் இருப்பதில் வண்டல் அதிகம், அதுதான் கிழடு என்று முடிவு கட்டினேன். ஒச்சம்மாள் இரண்டையும் வாங்கி, வாயில் இருக்கும் ஈயத்தொப்பியை மோந்து பார்த்தாள்.

"இது இல்லய்யா. வலது கையில இருக்கிறதுதேன் உங்க கோட்ட."

"ஒனக்கு என்னடி தெரியும்?"

"லேசாக் கசிஞ்சிருக்குல்ல, வாட வருது. எடதுல நாவப்பழம். வலதுல பழைய செருப்பு வாட. போன வருசம் கோட்ட மாதிரி ஒரு கெழட்டுப் பாட்டில் தொறந்தீங்களே, அந்தக் கிளாசுலயும் இதே வாடதேன்."

"பதினோரு வருசமா குடிக்கிறவன் நானு!"

"பதினோரு வருசமா கிளாசு கழுவுறவ நானு!"

ஒயினில் செருப்பாம்! சிரித்தே விட்டேன். இடது கை பாட்டிலில் கோட்டையை ஒட்டினேன். வீட்டில் யார் பட்லர்?

ஜனவரி 11

நாள் முழுக்கப் பாட்டில்களுக்குத் தூசி பூசினேன். அடுப்புச் சாம்பல், தென்னந்தட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒட்டடை. அவள் கழுவியதை நான் அழுக்காக்குவதைப் பார்த்து அவளுக்கு மனசே ஆறவில்லை.

ஜனவரி 12

துரை வந்தார். அறையை எட்டிப் பார்த்தார். "நன்று" என்றார். முன்ஷி வாத்தியாரிடம் படித்த தமிழ். எனக்கு உயிர் வந்தது.

ஜனவரி 14

பொங்கல். ஒச்சாண்டம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்திருக்கிறேன். ஒச்சம்மாளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 16, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஜல்லிக்கட்டு பார்த்துவிட்டுத் துரைகள் புழுதியோடு வந்து குளித்து மேஜையில் உட்கார்ந்தார்கள். நான் சமையற்கட்டில் கோட்டையைத் திறந்தேன். ஈயத்தொப்பியை வெட்டி, கார்க்கை மெல்ல உருவினேன். கார்க்கின் பக்கவாட்டில் அச்சு இருந்தது. 1911. கூடவே ஒரு சிங்கம்.

கார்க்கிலும் அச்சுப் போடுவான் என்பதை பதினொரு வருஷமாகப் பார்த்தவன் நான், இந்த ஒரு வாரமாக மறந்தே போனேன்! ஒச்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"சிங்கந்தானே? நான் சொன்னேன்ல?"

"இப்ப எதுக்குடி அது!"

கார்க்கைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அம்மா தாயே, அவள் நன்றாக இருக்க வேண்டும்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் வண்டல் விழாமல் குடுவையில் ஊற்றி, வழக்கம்போல் காலிப் பாட்டிலையும் கொண்டுபோய் வைத்தேன். ஹார்ட்லி துரை கண்ணாடி போட்டு லேபிளை நிதானமாக வாசித்தார். வாசித்த பிறகுதான் கண்ணை மூடினார்! ஒரு வாய் குடித்தார். மேஜையில் தட்டினார். "தொண்ணூற்றொன்பதேதான்! இருட்டில் கொடுத்தாலும் சொல்வேன்" என்று இங்கிலீஷில் முழங்கினார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

எங்கள் துரை ஒரு வாய் குடித்தார். பாட்டிலைப் பார்த்தார். கோட்டைப் படத்தின் மேல் ஒரு சிற்றெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பாழாய்ப்போன கஞ்சிப் பசை!

ஹார்ட்லி துரை கார்க்கைக் கேட்டார்.

"உளுத்துப் போச்சு சார். தூள் தூள்."

எங்கள் துரையின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. கோபமா, என்ன எழவு என்று தெரியவில்லை.

கிளாஸ்கள் திரும்பி வந்ததும் அடியில் இருந்ததைக் குடித்தேன். நாவல்பழம். பச்சையாக நாவல்பழம்.

ஜனவரி 17, வியாழன்

ஹார்ட்லி துரையை ரயிலேற்றிவிட்டு வந்ததும் எங்கள் துரை கூப்பிட்டார்.

"நல்லகாமா, முப்பத்தைந்து ஆண்டு பழைய லேபிளுக்கு எறும்பு எதன்பொருட்டு வருகின்றது?"

ஒச்சம்மாள் பெயரை இழுக்காமல் ஏதோ உளறினேன். அவளே கதவுக்குப் பின்னாலிருந்து வந்து நின்றாள்.

"நாந்தேன் கழுவுனேன் தொரை. லேபிளு ஒட்டுனது இவருதேன். தப்பா ஒட்டுனதும் இவருதேன்."

எல்லாவற்றையும் சொன்னோம். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

"அப்படியாயின், என் தந்தையார் வைத்த போத்தல் உள்ளேயே இருக்கின்றதா?"

"இருக்கு தொரை. ஒரு சொட்டுக் கொறையல" என்றாள்.

அவ்வளவுதான், நாற்காலியில் விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அது சிரிப்புத் தண்ணீர் மட்டும்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. போய் வேலையைப் பார் என்று கையசைத்தார்.

ஜனவரி 20

சேவல் கொடுத்தாயிற்று. எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

பிப்ரவரி 9, சனி

துரையின் பிறந்தநாள். விருந்தாளி யாரும் இல்லை. சிங்க லேபிள் ஒட்டிய பாட்டிலைத் திறக்கச் சொன்னார். கார்க்கில் கோட்டை, 1899.

ஊற்றினேன். அவர் கிளாஸை எடுத்து ஒச்சம்மாளிடம் நீட்டினார். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மோந்தாள்.

"அதேதேன். பழைய செருப்பு. மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்ச செருப்பு."

பிறந்தநாளும் அதுவுமாக! நான் அவள் காலை மிதித்தேன். துரை மேஜையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஹார்ட்லி துரை நன்றி சொல்லி எழுதியது. வாசித்துத் தமிழில் சொன்னார்: அன்றைய தொண்ணூற்றொன்பதில் இருந்த பழந்தோல் மணம் இன்னும் அவர் மூக்கில் நிற்கிறதாம். பழைய ஒயின் என்றால் அந்த மணம் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், எங்கள் துரை சொன்னார். ஹார்ட்லி துரை அன்று குடித்ததோ நாவல்பழம்!

மூன்று பேரும் சிரித்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு.

பிறகு எனக்கும் ஒரு கிளாஸில் ஊற்றினார். பதினொரு வருஷத்தில் முதன்முதலாக எச்சில் படாத கிளாஸ். கை கூசியது. குடித்தேன். அவள் சொன்னதுதான். செருப்புதான். ஆனால் அடேயப்பா, என்ன செருப்பு!

பிப்ரவரி 11, திங்கள்

இனிமேல் பாட்டில் திறந்ததும் கார்க்கை முதலில் ஒச்சம்மாளிடம் காட்ட வேண்டும் என்று துரை உத்தரவு. பட்லர் நான்தான், டைரியில் எழுதியிருக்கிறது.

கோட்டையின் காலிப் பாட்டிலை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்று அடுப்பங்கரையில் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, உள்ளே நல்லெண்ணெய்.

"லேபிளு எங்கடி?"

"எண்ணெய்க்கு எதுக்குய்யா லேபிளு? மோந்தாத் தெரியாதா?"