கத்திய மிட்டாய்

அத்தைக்கு மருமகள் கும்பிட்டு எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் தேவலையா?

நான் பெருக்கும் கல்லூரியில் வாத்தியார் எல்லாரையும் எட்ட நிறுத்திவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஏதோ ரசாயன உப்பை உருக்கி, நீள இடுக்கியால் அதில் ஒரு மிட்டாயைப் போட்டார். அது ஊதாவாக எரிந்து பூனை மாதிரி கத்தியது. நான் வாளியோடு உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. எழுந்ததும் வாத்தியாரிடம் கேட்டேன்:

"ஒரு மிட்டாய்க்கே இவ்வளவு சக்தியா? சர்க்கரை வியாதிக்காரர் தின்னா செத்துடுவாரா சார்?"

"உப்புலேருந்து வர்ற ஆக்சிஜன்லதாம்மா இந்த ஆட்டம். உடம்புல மெதுவாத்தான் எரியும். ஒரு மிட்டாயால ஆள் போயிடாது."

ஆகவே, கடைசி நாளில் உங்கள் மகனுக்கு மிட்டாய் ஒளித்துக் கொடுத்ததை நினைத்து அழாதீர்கள். அன்றைக்கு நானும் ஒன்று கொடுத்தேன். இரண்டு பேரிடமும் வாங்கித் தின்றுவிட்டு வாயே திறக்கவில்லை, கள்ளன்.

இங்கே குளிர். அவர் ஸ்வெட்டரை அனுப்புங்கள். அதன் பையில் மிட்டாய்த் தாள் இருந்தால் இருக்கட்டும், எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மணி அடித்துவிட்டது, வருகிறேன்.